நாலு ஜிபியில் மீதி எங்கே போச்சு?



கடையில் நாலு கிலோ அரிசி வாங்குகிறோம். வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்தால் மூணே கால் கிலோதான் இருக்கிறது. சும்மா விடுவோமா? பையைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்குப் போய்ச் சண்டை பிடிப்போம். ஆனால் லேப்டாப்பில் ரேம் குறைந்தால் மட்டும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. "ரேம் போச்சு, புதுசு போடணும்" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடுகிறோம். 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் பிளஸ் டூ அண்ணன்மார்களும் அக்காமார்களும் வாங்கிய லேப்டாப் நம் ஊரில் பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது. அவர்களுக்காகவும், அந்த லேப்டாப்பை இரவல் வாங்கிப் பாடம் பார்க்கும் நமக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ரேம் என்றால் என்ன? தமிழில் நினைவகம் என்பார்கள். நம் வகுப்புக் கரும்பலகைதான் ரேம். டீச்சர் எழுதுவார், நாம் பார்த்து எழுதுவோம், மணி அடித்ததும் அழித்துவிடுவார்கள். நோட்டில் எழுதியது மட்டும்தான் நிற்கும். அந்த நோட்டுதான் ஹார்டு டிஸ்க். லேப்டாப்பை அணைத்தால் ரேமில் இருந்தது எல்லாம் அழிந்துவிடும், டிஸ்க்கில் இருப்பது அப்படியே இருக்கும். பலகை பெரிசாக இருந்தால் ஒரே நேரத்தில் நிறைய எழுதலாம், சின்னதாக இருந்தால் அழித்து அழித்து எழுத வேண்டும். லேப்டாப் மெதுவாக ஓடுவது பல நேரம் இந்த அழித்து எழுதுகிற வேலையால்தான்.

இப்போது நம் கரும்பலகையின் மேல் பக்கத்தைப் பாருங்கள். தேதி, வகுப்பு, பதிவு எத்தனை, வருகை எத்தனை, ஒரு திருக்குறள். வலது ஓரத்தில் கட்டம் போட்டு "அழிக்க வேண்டாம்" என்றும் எழுதியிருக்கும். கணக்கு சாருக்கு எவ்வளவு பெரிய கணக்கு வந்தாலும் அந்த இடத்தில் கை வைக்க மாட்டார். பலகை முழுசும் நம்முடையதுதான், ஆனால் எழுதக் கிடைக்கும் இடம் கொஞ்சம் குறைவு. ரேமிலும் இப்படி ஒதுக்கி வைத்த இடம் உண்டு. அதற்கு விண்டோஸ் வைத்திருக்கும் பெயர் "ஹார்டுவேர் ரிசர்வ்டு". அதாவது விண்டோஸ் எழுந்து வருவதற்கு முன்னாலேயே லேப்டாப்பின் உறுப்புகள் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டன. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான்!

எங்கே பார்ப்பது? "திஸ் பிசி" படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் போனால் "இன்ஸ்டால்டு ரேம்" என்று ஒரு வரி இருக்கும். அதில் 4.00 ஜிபி என்று போட்டுப் பக்கத்திலேயே இவ்வளவுதான் "யூசபிள்" என்று இன்னொரு எண் இருக்கும். இன்னும் நல்ல வழி டாஸ்க் மேனேஜர். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். "பெர்ஃபார்மன்ஸ்" போய், அதில் "மெமரி"யைத் தொட்டால் கீழே பொடி எழுத்தில் "ஹார்டுவேர் ரிசர்வ்டு" என்று எண்ணோடு இருக்கும். அதே இடத்தில் "ஸ்லாட்ஸ் யூஸ்டு" என்று இன்னொரு வரியும் உண்டு. எத்தனை ரேம் துண்டு சொருகியிருக்கிறது என்பது அதில் தெரியும். அந்த வரியை மறந்துடாதீங்க, பின்னால் வேலை இருக்கு.

இரண்டு விஷயத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மேலே "இன் யூஸ்" என்று வருவது நாம் திறந்து வைத்த வேலைகள் பிடித்திருக்கும் இடம். மூடினால் திரும்பி வரும். 16 ஜிபி பென்டிரைவ் 14.9 ஜிபி என்று காட்டுவதும் வேறு கதை. செய்கிறவர்கள் 1000-ஆல் எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது, அவ்வளவுதான். ரேமில் அந்த வித்தியாசம் கிடையாது. 4 ஜிபி ரேம் என்றால் 4 பெருக்கல் 1024, சரியாக 4096 எம்பி.

சரி, யார் இடம் பிடித்தது? முதல் ஆள் திரைதான். விலை அதிகமான லேப்டாப்பில் படம் வரைவதற்குத் தனி நினைவகம் வைத்த கிராபிக்ஸ் கார்டு இருக்கும். நம் ஊரில் பார்க்கிற சாதாரண லேப்டாப்பில் அது கிடையாது. திரையில் படம் காட்டுகிற பகுதி பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. அதற்குச் சொந்தமாக நினைவகம் இல்லாததால் நம் ரேமிலிருந்து ஒரு பங்கு கேட்கிறது.

அந்தப் பங்கு எவ்வளவு இருக்கும் என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். லேப்டாப் திரையில் குறுக்கே 1366 புள்ளி, நெடுக்கே 768 புள்ளி. பெருக்கினால் 10,49,088 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் எழுதி வைக்க 4 பைட் என்றால் 41,96,352 பைட். அதாவது சுமார் 4 எம்பி. இவ்வளவுதானா! ஆனால் சில லேப்டாப்பில் திரைக்கு 512 எம்பி ஒதுக்கியிருக்கிறார்கள். 4 எம்பி வேலைக்கு 512 எதற்கு என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அறிவியல் டீச்சர் விளக்கிச் சொன்ன பிறகுதான் புரிந்தது. ஒரு படம் திரையில் இருக்கும்போதே அடுத்த படத்தைப் பின்னால் தயார் செய்ய வேண்டும். வீடியோ என்றால் முந்தின படங்களையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டு என்றால் மரம், சுவர், சட்டை எல்லாவற்றின் நிறமும் தனித்தனியாக வேண்டும். திரை வினாடிக்கு 60 முறை புதுசாக வரையப்படுகிறது. கோலம் போடுகிறவர் கையில் மாவு மட்டும் போதாது, கலர் டப்பா பத்தும் பக்கத்தில் இருக்க வேண்டும் அல்லவா? அது மாதிரி.

இரண்டாவது ஆள் பயாஸ். லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் விழித்துக்கொள்வது இதுதான். ஒவ்வொரு உறுப்பும் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை ரேமில் எழுதி வைக்கும். அதற்குக் கொஞ்ச இடம் போகும்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 1981-இல் ஐபிஎம் கம்பெனி வெளியிட்ட பிசி கணினியில் பிராசஸரால் எண்ண முடிந்த மொத்த நினைவகமே 1 எம்பி, அதாவது 1024 கேபி. அதில் 640 கேபி நம் வேலைக்கு. மீதி 384 கேபி திரைக்கும் பயாஸுக்கும் என்று அப்போதே கோடு போட்டுப் பிரித்துவிட்டார்கள். கூட்டிப் பாருங்கள், சரியாக 1024 வரும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அன்றைக்கே ரிசர்வ்டு!

ஆகவே 4 ஜிபியில் 100 எம்பி போனாலும், 500, 600 எம்பி போனாலும் பதற வேண்டாம். அது திரையின் கூலி. ஆனால் 1 ஜிபி, 2 ஜிபி என்று காணாமல் போனால் கட்டாயம் கேள்வி கேட்க வேண்டும்.

எங்கள் பெரியம்மா மகளுக்கு நடந்தது இதுதான். அக்கா டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறார். பிளஸ் டூவில் கிடைத்த லேப்டாப்பில்தான் வகுப்பு வீடியோ, மாதிரித் தேர்வு எல்லாம். கொஞ்ச நாளாக வீடியோ ஓடும்போது இன்னொரு பக்கம் திறந்தாலே நின்றுவிடும். மாதிரித் தேர்வில் 140-ஆவது கேள்வியில் திரை உறைந்துபோய் மறுபடி முதலிலிருந்து எழுதியிருக்கிறார். டவுனில் ஒரு கடையில் காட்டியதற்கு, "பாதி ரேம் செத்துப் போச்சும்மா, புதுசு 1,900 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். பெரியம்மா பூக்கட்டி, சீட்டுப் போட்டு வைத்திருந்த பணத்தை எடுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டார். "பரீட்சைக்குத்தானே, போனா போகுது" என்றார். ஆனால் அந்தச் சீட்டு வேறு செலவுக்குப் போட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் உட்கார்ந்து பார்த்தோம். 4.00 ஜிபி இருக்கிறது, 1.99 ஜிபி யூசபிள் என்று காட்டியது. இதை மறுநாள் டீச்சரிடம் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். டீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உள்ளே எத்தனை துண்டு ரேம் இருக்கு?" அன்று மாலை டாஸ்க் மேனேஜரில் "ஸ்லாட்ஸ் யூஸ்டு" வரியைப் பார்த்தோம். ஒன்று என்று இருந்தது. யோசித்துப் பாருங்கள். இரண்டு துண்டு 2 ஜிபி ரேம் இருந்து ஒன்று கெட்டுப்போனால் பாதி குறையலாம். இருப்பதே ஒரு துண்டு 4 ஜிபி. அது எப்படிக் கத்தியால் தேங்காய் உடைத்த மாதிரி சரிபாதியாகச் சாகும்? ரேம் துண்டு உண்மையிலேயே கெட்டுவிட்டால் லேப்டாப் பெரும்பாலும் ஆன் ஆகாது, இல்லை நீலத் திரை வந்து நிற்கும். எனவே யாரோ வேலி போட்டிருக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார்.

அந்த வேலி இருக்கும் இடம் இதுதான். விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு ஆங்கில எழுத்தையும் இடம் விடாமல் அடித்து என்டர் தட்ட வேண்டும். வருகிற பெட்டியில் "பூட்" பக்கம், அதில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்". அங்கே "மேக்ஸிமம் மெமரி" என்று ஒரு கட்டம். அக்கா லேப்டாப்பில் அதில் டிக் போட்டு 2048 என்று எழுதியிருந்தது! அக்காவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. தெரிந்தவர் ஒருவர், லேப்டாப்பை வேகமாக்குகிறேன் என்று ஏதோ வீடியோவைப் பார்த்துப் பார்த்து மாற்றிக்கொண்டிருந்தாராம்.

அந்தக் கட்டத்தின் பெயரைப் பார்த்தால் "நிறைய நினைவகம் கொடு" என்று சொல்வது போல இருக்கும். உண்மையில் அது "இந்த அளவுக்கு மேல் தொடாதே" என்ற கட்டளை. மென்பொருள் எழுதுகிறவர்கள் குறைந்த ரேமில் தங்கள் வேலை ஓடுகிறதா என்று சோதிக்கப் பயன்படுவது. நமக்கு அதில் எந்த நன்மையும் இல்லை. 4096 என்று எழுதினாலும் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. டிக்கை எடுத்துவிட்டு, ஓகே கொடுத்து, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். செய்தோம். 3.43 ஜிபி யூசபிள்! ஹார்டுவேர் ரிசர்வ்டு 584 எம்பி. 1,900 ரூபாய் சீட்டிலேயே இருக்கிறது. அக்கா அந்த வாரமே மாதிரித் தேர்வின் 200 கேள்வியையும் நிற்காமல் முடித்தார்.

கடைக்காரர் மேல் தப்பு சொல்லி எழுதவில்லை. பாதி குறைந்தால் ரேம் என்று சந்தேகப்படுவது இயல்புதான். ஆனால் கழட்டிப் பார்க்காமல் சொன்னார் என்பதும் உண்மை.

இப்போது வேறு ஒரு காரணத்துக்கு வருவோம். சில வீட்டில் 4 ஜிபி ரேம் இருந்தும் 3 ஜிபியைச் சுற்றித்தான் காட்டும். மேலே சொன்ன கட்டத்தில் டிக் இருக்காது. அப்படியானால் ரேம் வரியின் கீழே "சிஸ்டம் டைப்" வரியைப் படியுங்கள். 32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று இருந்தால் திருடன் அகப்பட்டான்.

ஒரு ஊரில் கதவு எண்ணுக்கு இரண்டு இலக்கம்தான் எழுதலாம் என்று சட்டம் என்று வையுங்கள். 00 முதல் 99 வரை 100 எண்தான். அதில் கோயில், ரேஷன் கடை, நூலகம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் கடைசி 25 எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். வீடுகளோ 100. மிச்சம் 25 வீட்டுக்கு எண் இல்லை. வீடு இருக்கும், கூரை இருக்கும், ஆளும் குடியிருக்கலாம், ஆனால் தபால்காரர் வர மாட்டார். 32 பிட்டில் இதுதான் நடக்கிறது. 2-ஐ 32 முறை பெருக்கினால் 4,29,49,67,296. இத்தனை முகவரிதான் உண்டு, அது சரியாக 4 ஜிபி. திரை, வைஃபை, யுஎஸ்பி எல்லாம் அதே எண்களில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்வதால், மேல் பக்கத்து ரேமுக்கு எண் இல்லாமல் போகிறது. ரேமை 8 ஜிபியாக மாற்றினாலும் பைசா பிரயோஜனம் இல்லை. இதை அறியாமல் பணம் கட்டிப் புது ரேம் வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு.

இதற்கு வழி 64 பிட் விண்டோஸ் போடுவது. அப்போது எண் இல்லாத வீடுகளுக்குப் புதுத் தெருவில் எண் கிடைத்துவிடும். லேப்டாப் அதற்கு ஒத்துவருமா என்பதும் அதே வரியிலேயே தெரியும். "32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ் 64 பிராசஸர்" என்று விண்டோஸ் 10 காட்டினால் ஒத்துவரும். ஆனால் மேலேயே மாற்ற முடியாது, பழசை அழித்துப் புதிதாகத்தான் போட வேண்டும். படம், சான்றிதழ், ரெக்கார்டு நோட் எல்லாவற்றையும் முதலில் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். 2 ஜிபி ரேம் மட்டும் இருக்கிற பழைய லேப்டாப்பில் இதனால் இடம் கூடாது, சிரமம்தான் கூடும். விடுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 என்றாலே 64 பிட்தான், 32 பிட் கிடையாது. அது பழைய லேப்டாப் பலவற்றில் ஏறாது. லினக்ஸ் போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதிலும் திரைக்குக் கொடுத்த பங்கு குறைந்துதான் காட்டும், எந்த வீட்டுக்குப் போனாலும் கூலி கூலிதான்.

இரண்டு துண்டு ரேம் இருந்து ஒன்று மட்டும் கணக்கில் வராமல் இருந்தால், சொருகிய இடம் லூசாகவோ அழுக்காகவோ இருக்கலாம். அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கழட்ட முடிந்த பேட்டரி என்றால் அதையும் கழட்டி, பின்னால் மூடியைத் திறந்து, ரேமை எடுத்து, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூசியை ஊதிவிட்டு, சாய்வாக நுழைத்து அமுக்கினால் இரண்டு பக்கக் கொக்கியும் "டக்" என்று பிடிக்கும். பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும் செய்யுங்கள். பற்களில் விரல் படக் கூடாது.

பயாஸிலும் ஒரு வழி உண்டு. ஆன் செய்யும்போது எஃப் 2 அல்லது டெலீட் அழுத்தி உள்ளே போனால், சில லேப்டாப்பில் திரையின் பங்கைக் குறைக்கும் வரி இருக்கும். அதில் 512-ஐ 256 ஆக்கினால் 256 எம்பி நமக்குத் திரும்பும். அக்கா லேப்டாப்பில் அந்த வரியே இல்லை. பல லேப்டாப்பில் இருக்காது. இல்லை என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். எங்கிருந்தோ வேறு பயாஸை இறக்கி ஏற்றுகிறேன் என்று போனால், பாதியில் கரண்ட் போனாலே லேப்டாப் மறுபடி உயிர் பெறாமல் போகலாம். 256 எம்பிக்காக அந்த விளையாட்டு வேண்டாம் என்பது என் கருத்து. வீடியோ பார்க்கிறவர்கள் பங்கு குறைந்தால் கண்ணுக்கு அழகும் குறையலாம். அக்கா 584-ஐயும் மீட்க வேண்டும் என்று இரண்டு நாள் முயன்றார். பிறகு "போகட்டும்டி, திரை தெரியணும்ல" என்று விட்டுவிட்டார்.

"ரேம் கிளீனர்", "ரேம் பூஸ்டர்" என்று வருகிற மென்பொருள்களால் ஒதுக்கிய இடத்தில் ஒரு எம்பிகூட எடுக்க முடியாது. விண்டோஸுக்கே கை எட்டாத இடம் அது, விண்டோஸுக்குள் ஓடுகிற ஒரு மென்பொருளுக்கு எப்படி எட்டும்?

தாளில் இடம் முடியப் போகிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ லேப்டாப் இருந்தால், மொத்த ரேம், யூசபிள், ஹார்டுவேர் ரிசர்வ்டு, ஸ்லாட் எத்தனை, 32 பிட்டா 64 பிட்டா என்ற ஐந்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் கொடுங்கள். 1 ஜிபிக்கு மேல் குறைகிற லேப்டாப்களை டீச்சரோடு சேர்ந்து பார்த்து, காரணத்தை அடுத்த மாதத் தாளில் எழுதுகிறோம். கடைக்கு எடுத்துப் போக இருக்கிறவர்கள் அதற்கு முன்னால் கொடுங்கள்.